நான் காத்திருப்போம்

என் தங்கைக்கு எங்கள் வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஆராய்ச்சி. பள்ளிக்கூடம் போகிற வயதில் பல் தேய்க்கப் போனவள், குழாயடியில் எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். "என்ன மகாராணி, ஆராய்ச்சி முடிஞ்சுதா?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அதுவே பிழைப்பாகவும் ஆகித் தொலைந்தது.

உங்கள் தங்கை என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "நத்தை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் நத்தையைப் பற்றி எவ்வளவு விளக்க முடியும், சொல்லுங்கள். ஆனால் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். வெயில் காய்ந்தால் ஒரு வகை நத்தை ஓட்டுக்குள் போய், வாசலைத் தன் கோழையாலேயே பூசி அடைத்துக்கொண்டு தூங்கிவிடுமாம். மாதக்கணக்கில் தூங்கும், சிலது வருடக்கணக்கில். சோறு தண்ணீர் கிடையாது. உயிர் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். பிறகு ஒரு நாள் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் பூச்சை உடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வந்து இலையைத் தேடும்.

இத்தனை நாள் அந்த உடம்பு ஏன் கெட்டுப்போகவில்லை என்பதுதான் என் தங்கையின் கேள்வி. அது தெரிந்தால், ஒருவர் தானமாகக் கொடுத்த சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்துகிறவரைக்கும் இன்னும் கொஞ்ச நேரம் கெடாமல் வைத்திருக்க ஒரு வழி பிறக்கலாம். பிறக்கலாம் என்றுதான் அவள் சொல்வாள். பிறக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்குப் பல வருடம் மானியம் கிடைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். வாயுள்ள பிள்ளை என்றால் அது நான்தான், அவள் இல்லை.

மானியம் என்றால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பணம். அது சும்மா வராது. என்ன செய்யப் போகிறேன், ஏன், எப்படி, எவ்வளவு நாளில் என்று பக்கம் பக்கமாக எழுதிப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். முகம் தெரியாத மூன்று மதிப்பீட்டாளர்கள் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வார்கள். எழுதுகிறவர்கள் ஏராளம், கிடைப்பது ஏழெட்டுப் பேருக்கு. என் தங்கை வருடா வருடம் எழுதினாள். வருடா வருடம் வந்த பதிலெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. "ஆர்வமூட்டும் திட்டம்" என்று ஆரம்பிக்கும். நான் ஃபோனில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "நிறுத்து, அடுத்த வார்த்தை ஆனால்தானே?" என்பேன். ஆமாம், ஆனால்தான்.

அதிலும் இந்த இரண்டாம் மதிப்பீட்டாளர் இருக்கிறாரே, அந்த மனுஷனை நேரில் பார்த்தால் மயக்க ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கச் சொல்லி எங்கள் டாக்டரிடம் சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு வருடமும் வேறு வேறு ஆள்தான் படிக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். நான் நம்பவில்லை. எல்லா வருடமும் இரண்டாவது ஆள்தான் மென்னியைப் பிடிக்கிறார்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. மறுமுறை விண்ணப்பிக்கும்போது, போன தடவை திட்டியவர்களுக்குப் பதில் எழுதி ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். "மதிப்புமிக்க கருத்துக்கு மனமார்ந்த நன்றி" என்று அவள் வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திட்டினவனுக்கு எதுக்குடி நன்றி?"

"அப்படித்தான்க்கா எழுதணும்."

"அவன் முழுசாப் படிக்கவே இல்லன்னு நீதானே சொன்ன?"

"படிக்கலதான். நானும் படிக்க வைக்கலையே."

அவள் அப்படித்தான். சண்டை போட வராது. ஒரு வருடம் வலியப் போய், சின்னதாக ஒரு பரிசுத் திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்களைத் தானே மதிப்பிட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கட்டுக் கட்டாகப் பேருந்தில் எடுத்துப் போய், நின்றுகொண்டே படித்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, பத்தாவது ஆளு எழுதுனதப் படிக்கறப்ப எனக்கே கண்ணு சொருகுது. அவங்க மேல தப்பு இல்ல. என் கேள்வி ஆறாவது பக்கத்துலதான் வருது. அதுவரைக்கும் யாரு முழிச்சிருப்பா?" அடுத்த முறை கேள்வியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். அந்த வருடம் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. மானியம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரிதான் பேசுவார். நான் ஃபோனை வைத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நத்தை எந்திரிச்சுதா?" நான் இல்லை என்பேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். இந்த உரையாடல் எங்கள் வீட்டில் பல வருடம் ஓடியது.

இனி ஒரு சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் பேசும்போது அவள் எப்போதும் நாங்க என்றுதான் சொல்வாள். நாங்க புது பரிசோதனை ஆரம்பிச்சிருக்கோம். நாங்க இந்த வாரம் எல்லாத்தையும் எடை போட்டோம். நாங்க ஞாயித்துக்கிழமையும் போவோம்க்கா, விழிச்சிருக்கிற நத்தைக்கு இலை போடணும்ல. எனக்குக் கேட்கக் கேட்க நிம்மதியாக இருக்கும். கல்யாணம் வேண்டாம் என்றவள், ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறவள், வேலை செய்கிற இடத்திலாவது நாலு பேர் கூட இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். டீ குடிக்கும்போது கிண்டல் பண்ண ஆள் இருக்கும், ஜலதோஷம் பிடித்தால் வீட்டுக்குப் போங்க மேடம் என்று சொல்ல ஆள் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் எங்கள் மருத்துவமனை இருக்கிற தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். விடுமுறை. எனக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அவள் வேலை செய்கிற பல்கலைக்கழகத்தில் போய் நிற்போம் என்று, ஆறு பேருக்குச் சமைத்து, இரண்டு பெரிய பாத்திரத்தில் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நத்தைக்காரர்கள் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று தெரியாததால் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் அந்தப் பாத்திரங்களோடு ஏறினேன். நீளமான நடைபாதை, கடைசி அறை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நான்கு மேசை. மூன்றின் மேல் பழைய துணி போர்த்தியிருந்தது. சுவரில் வெள்ளைக் கோட்டு மாட்ட ஆறு கொக்கி, ஒன்றில் மட்டும் கோட்டு. ஒரு நாற்காலி. ஒரு டம்ளர். சுவரோரம் அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மூடிய நத்தைகள். அறை முழுக்க, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்த சத்தம்தான். என் தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு நத்தையைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி எல்லாரும்?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "யாருக்கா?"

"நாங்க நாங்கம்பியே, அந்த நாங்க."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. என் கையிலிருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. முன்பு இரண்டு பேர் இருந்தார்களாம். ஒரு மாணவி, வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஓர் உதவியாளர், அவர் சம்பளத்துக்குப் பணம் இல்லாமல் வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். அது நடந்து பல வருடம் ஆகிறது. ஆட்கள் போனபின்னும் வார்த்தை போகவில்லை.

"கட்டுரை எல்லாம் நாங்கள்னுதான்க்கா எழுதணும். பழகிருச்சு."

"எங்கிட்டயுமா கட்டுரை எழுதுன?"

எனக்கு அழுகையாக வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. இத்தனை வருடம் இந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஊரே கூட இருக்கிற மாதிரி பேசியிருக்கிறாள், பாவி. நடைபாதையிலிருந்து இன்னொரு நாற்காலியை நான்தான் தரதரவென்று இழுத்து வந்து போட்டேன். இருவரும் சாப்பிட்டோம். மீதி நாலு பேர் சாப்பாட்டைக் கீழே காவலாளியிடம் கொடுத்தோம். அந்த மனிதர் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த பதிலில்தான் இரண்டாம் மதிப்பீட்டாளர் இப்படி எழுதியிருந்தார்: "இந்த விண்ணப்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'நாங்கள்' வருகிறது. பெயர்ப் பகுதியில் ஒருவர் மட்டுமே இருக்கிறார். யார் இந்த நாங்கள்?"

அன்று வேலை நாள். மத்தியானமே அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை நாளில் வருகிறவளே இல்லை. பையை மடியிலிருந்து இறக்காமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பல வருடம் ஆனால் ஆனால் என்று கேட்டும் கலங்காதவள், அந்த ஒரு கேள்வியில் இடிந்து போயிருந்தாள். போதாக்குறைக்குத் துறைத் தலைவரும் அன்றுதான் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, கையைப் பிசைந்துகொண்டுதான் சொன்னாராம்: "மேடம், இனிமே என்னால தாக்குப்பிடிக்க முடியாது. அடுத்த சுற்றுலயும் வரலன்னா அந்த அறையைக் கம்ப்யூட்டர் லேபுக்குக் குடுத்துடணும். நத்தைய அடித்தளத்துல வச்சுக்கங்க."

"வச்சுக்க வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"அடித்தளம் ஈரம்க்கா. ஈரம் பட்டா எல்லாம் முழிச்சுக்கும். சிலது நாலு வருஷமாத் தூங்குது. ஒரு தடவை முழிச்சா அவ்வளவுதான். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்." பையின் வாரைத் திருகிக்கொண்டே, "எனக்கு முதல்லேருந்து ஆரம்பிக்க வயசு இல்ல" என்றாள்.

இன்னும் ஒரு சுற்று. அது போனால் அறை போகும், அறை போனால் நத்தைகள் விழித்துக்கொள்ளும், அவளுடைய அத்தனை வருடமும் இலை தேடிக்கொண்டு ஊர்ந்து போய்விடும். என் வீட்டுக்காரர் அன்று வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

மறு வாரம் அவள் பழைய விண்ணப்பத்தைத் திறந்து, கம்ப்யூட்டரிடம் எல்லா 'நாங்கள்'-ஐயும் 'நான்' என்று மாற்றச் சொன்னாளாம். அது ஒரே நொடியில் மாற்றிவிட்டது. பிறகு எனக்கு ஃபோன் போட்டு முதல் பக்கத்தை வாசித்தாள். "நான் இந்த நத்தைகளைச் சேகரித்தோம். நான் வாரந்தோறும் எடை போட்டோம். நான் கண்டறிந்தோம்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்தது அன்றுதான். தலையை மாற்றிய இயந்திரத்துக்கு வாலை மாற்றத் தெரியவில்லை. சேகரித்தோம் சேகரித்தேன் ஆக வேண்டும், அளப்போம் அளப்பேன் ஆக வேண்டும். ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும்.

அங்கேதான் வினையே வந்தது. ஒவ்வொரு வாக்கியத்திலும் வாலைப் பிடித்துத் திருப்பும்போது, இதை நிஜமாகவே நான் ஒருத்தி செய்ய முடியுமா என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. "நாங்கள் மூன்று வகை நத்தைகளை ஒப்பிடுவோம்" என்பது எழுத நன்றாக இருந்தது. "நான் மூன்று வகை நத்தைகளை ஒப்பிடுவேன்" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. மூன்று வகையையும் ஒருத்தியால் பார்க்க முடியாது. வெட்டினாள். இருபத்துநாலு மணி நேரமும் அளப்போம் என்று ஒரு பகுதி இருந்தது. யார் அளப்பது? வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எனக்கு வாசிப்பாள். நான் ஃபோனைச் சத்தமாக வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டே கேட்பேன். என் வீட்டுக்காரரும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பார். ஒரு தடவை அவர் செய்தித்தாளை இறக்கி, "அந்தப் பொண்ணு தனியா ரொம்பப் பண்ணுது" என்றார். அவ்வளவுதான். மறுபடி உயர்த்திக்கொண்டார்.

வெட்டி வெட்டிக் கடைசியில் விண்ணப்பம் பாதியாகக் குறுகிப் போய்விட்டது. ஒரே வகை நத்தை, ஒரே கேள்வி. நான் இதைச் செய்திருக்கிறேன், நான் தனியாக இருக்கிறேன், இதற்கு மேல் தனியாக முடியாது, ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். இதுதான் சாரம். 'தனியாக' என்று எழுத அவளுக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நான் போர்வையை மடித்து வைத்தேன்.

அனுப்பிவிட்டாள். அனுப்பிய மறுநாள் ஃபோன்.

"அக்கா, போச்சு."

"என்ன போச்சு?"

"கடைசிப் பக்கம், கடைசி வரி. 'நத்தைகள் தாமாக விழிக்கும்வரை நான் காத்திருப்போம்'னு இருக்கு."

"அய்ய, அவ்வளவுதானா? நீயும் நத்தையும்னு நினைச்சுக்குவான், விடு."

அவள் விடவில்லை. முடிவு வரும்வரை அந்த ஒரு வால் அவளை அரித்தெடுத்துவிட்டது. அத்தனை வரியும் பார்த்துப் பார்த்துத் திருத்திவிட்டு, கடைசி வரியில் கோட்டை விட்டேனே என்று புலம்புவாள். அந்த மாதங்களில் அவள் நாங்க என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். "நான் போனேன், நான் எடை போட்டேன், நான் வந்துட்டேன்" என்பாள். கேட்க நன்றாகவே இல்லை. பொய்யாக இருந்தாலும் அந்த நாங்கவே தேவலை போலிருந்தது. முட்டி வலி, பேருந்து, வேலை என்று நானும் அடிக்கடி போக முடியவில்லை. நான் இழுத்துப் போட்ட நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது என்று சொன்னாள். அதன்மேல் இலைக் கூடையை வைக்கிறாளாம்.

துறைத் தலைவர் அளவு எடுக்க ஆள் அனுப்பினார். அவர்கள் அறைக்குள் நாடாவைப் பிடித்துக்கொண்டு, எத்தனை கம்ப்யூட்டர் போடலாம் என்று சத்தமாகப் பேசிக்கொண்டார்களாம். இவள் நத்தைப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டாளாம். "நின்னு என்னடி பண்ண?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னேன்" என்றாள்.

முடிவு வந்த அன்று நான் மேசையில் இருந்தேன். வீங்கிய கன்னத்தோடு ஒருவர் எப்போது கூப்பிடுவீர்கள் என்று ஐந்தாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். அறை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அவள் நேரே விஷயத்துக்கு வரவில்லை. அன்று அங்கே விடுமுறையாம். மின்னஞ்சலைப் படித்துவிட்டு நடைபாதைக்கு ஓடினாளாம், யாரிடமாவது சொல்ல. எல்லா அறையும் பூட்டியிருந்தது. மூன்று மாடி இறங்கிக் காவலாளியிடம் போய், "அண்ணே, கிடைச்சிருச்சு" என்றாளாம். இரண்டு நாளாக ஏதோ ஒரு சாவியைத் தேடிக்கொண்டிருந்த அவர் எழுந்து, "அப்பாடா, சாவியா மேடம்? எங்க இருந்துச்சு?" என்று கேட்டாராம். இவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டாளாம்.

"அடியே, என்ன கிடைச்சிருச்சு? ஒழுங்காச் சொல்லு!" நான் போட்ட சத்தத்தில் வீங்கிய கன்னம் பின்வாங்கியது.

"ரெண்டாம் ஆளு எழுதியிருக்காருக்கா. 'ஒருவர், தம்மால் செய்யக்கூடியதைச் சொல்லி, தமக்குத் தேவையானதைக் கேட்டிருக்கிறார். வழங்கலாம்.' அப்புறம் கீழ, 'கடைசி வரியில் ஒருமை பன்மைப் பிழை உள்ளது'ன்னு."

"கவனிச்சுட்டானா, கிராதகன்!"

"கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காருக்கா."

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். பின்னால் அந்த இயந்திரத்தின் உறுமல் எனக்குக் கேட்டது. பூட்டிய கட்டிடத்தில், தூங்குகிற நத்தைகளுக்கு நடுவே, தன் நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழுவதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"நமக்குக் கிடைச்சிருச்சுக்கா."

அவள் வாயில் நாங்க கேட்டிருக்கிறேன், நான் கேட்டிருக்கிறேன். இதை ஒரு நாளும் கேட்டதில்லை.

"யாருடி நமக்கு?" என்றேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், குரல் வேறு மாதிரி வந்தது. "இன்னும் ஆளே எடுக்கலையே."

"நீயும் நானும்தான். வேற யாரு இருக்கா?"

மேசை, பதிவேடு, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கண்ணுக்குள் கலங்கிப் போயின. அழைப்பை அவளும் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை.

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அந்த நாற்காலி மேல இருக்கற இலைக் கூடைய எடுத்துக் கீழ வை. வரேன். இந்தத் தடவை ரெண்டு பேருக்கு மட்டும் எடுத்துட்டு வரேன்."